முகம் பார்க்காத சிஸ்டர்

"பச்சப் புள்ள முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்குதே, இது என்ன பொம்பளை?"

பெருமாயியால் அடக்க முடியவில்லை.

திண்டுக்கல் மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒன்பது கட்டில்கள். வெள்ளைக்கார சிஸ்டர் அகத்தா எட்டுக் கட்டிலிலும் நின்று சிரிப்பார். பெருமாயியின் கட்டிலுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது.

அன்று காலையும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் நசீம் பானுவின் மகளைத் தூக்கி, "என்ன அழகு! என்ன கண்ணு!" என்றார்.

"மாஷா அல்லா சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் நசீம் அவசரமாக.

"மாஷா அல்லா, மாஷா அல்லா!"

கழுத்தில் சிலுவையோடு அவர் அதைச் சொன்ன விதத்தில் வார்டே சிரித்தது.

அடுத்து பெருமாயி. சிஸ்டர் தலையைத் திருப்பிக்கொண்டே வந்து, பிள்ளையின் முகத்தில் துணியை இழுத்துவிட்டார். தராசில் வைத்தார். நாலேகால் பவுண்டு. எழுதிக்கொண்டார்.

"குரங்குக் குட்டி. பால் குடிக்குதா?"

"குடிக்கிறான் தாயி."

"இன்னும் பத்து நாள் இருக்கணும்."

அவ்வளவுதான், போய்விட்டார்.

"பாத்தியா நசீமு? கடைசிக் கட்டில் சோலையம்மா புள்ளையக்கூட ராசாங்குது. எம்புள்ளைன்னா குரங்காம். பொணத்துக்குப் போடுற மாதிரி மூஞ்சில துணியப் போடுது."

"ச்சீ, வாயக் கழுவுங்கக்கா! ஆனா நீங்க சொல்றதும் சரிதான். வெள்ளைக்காரங்களுக்கும் ஆளப் பாத்துதான் பிரியம் வரும் போலருக்கு."

"ஆளப் பாத்து இல்ல. அது வேற. எனக்குத் தெரியும்."

 பெருமாயி மாற்றுச் சேலையையும் தகர டம்ளரையும் எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.

தரை துடைக்க வாளியோடு வந்த ஆயா இன்னாசியம்மாள் நின்றுவிட்டாள்.

"எங்க புறப்பாடு?"

"ஊருக்கு. பதினோரு மணி குஜிலியம்பாறை பஸ்ஸுக்கு."

"மாசம் ரொம்பாத புள்ளைய, இந்த வெயில்லயா? கொல்லப் போறியா?"

"இங்க மட்டும் பொழைக்குமா? நான் அன்னைக்குப் பேசுனதச் சிஸ்டரம்மா இன்னும் மனசுல வச்சிருக்காக ஆயா. பகையோட குடுக்குற மருந்து எம்புள்ள ஒடம்புல ஒட்டாது."

ஆயா வாளியை நங்கென்று வைத்தாள்.

"ஆமா. மனசுல வச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

நசீம் எழுந்து உட்கார்ந்தாள். "அப்படி என்ன பேசுனாங்க?"

"அவளையே கேளு. புயலடிச்ச வருசம் இதே வார்டுல பொட்டப்புள்ள பெத்தா. சிஸ்டர் அதை இடுப்பவிட்டு எறக்கல. 'தங்கம், தங்கம்'னு வார்டு முழுக்கக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ஊருக்குப் போயி இருபதாம் நாள் சொரத்துல புள்ள போயிருச்சு. இவ ஆஸ்பத்திரி கேட்டுல வந்து மண்ண வாரி எறைச்சா. 'வெள்ளைக்காரி கண்ணு எம்புள்ளையத் தின்னுருச்சு'ன்னு கத்துனா."

பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். "வயித்தெரிச்சல்ல பேசிட்டேன் ஆயா."

"அந்தம்மா என்ன சொல்லுதுன்னு சிஸ்டர் எங்கிட்டக் கேட்டுச்சு. சொன்னேன். அதுக்கு ஒண்ணும் வெளங்கல. 'எங்க ஊர்ல புள்ளையப் பாத்துட்டு அழகுன்னு சொல்லாமப் போனாத்தான் தாய்க்கு மனசு நோகும். இங்க சொன்னா நோகுமா?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். மூணு நாளு கோயில்ல முட்டி போட்டே கெடந்துச்சு."



"கண்ணு படும்னு அவுகளும் நம்புறாகளா?" என்று மெதுவாகக் கேட்டாள் பெருமாயி.

"நானும் அதத்தான் கேட்டேன். 'எனக்கு நம்பிக்கை இல்ல இன்னாசி, பெருமாயிக்கு இருக்கே'ன்னுச்சு. நீ இந்தத் தடவ உள்ள வந்த அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருச்சு. 'இவ புள்ளைய நான் அழகுன்னு சொல்லிரக் கூடாது. வாய் தவறப் பாத்தா என்னையக் கிள்ளு'ன்னு. முகத்தப் பாத்தா அந்த வார்த்தை வாயில வந்துருதாம். அதுக்குத்தான் அந்தத் துணி."

மருந்துத் தட்டோடு சிஸ்டர் வந்துவிட்டார். கட்டில் மேல் இருந்த மூட்டையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"வீட்டுக்கா? வேண்டாம் பெருமாயி. தயவு செஞ்சு..."

 பெருமாயி பிள்ளையின் முகத்துத் துணியை விலக்கினாள். விடிந்ததும் கன்னத்தில் பெரிதாக வைத்திருந்த திருஷ்டிப் பொட்டை முந்தானையால் சுத்தமாகத் துடைத்தாள். இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்தி சிஸ்டரிடம் நீட்டினாள்.

"பாருங்க தாயி. கண்ணு நெறையப் பாருங்க."

சிஸ்டர் ஆயாவைப் பார்த்தார். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிள்ளும் எண்ணம் அவளுக்கு இல்லை.

அப்புறம்தான் பிள்ளையைப் பார்த்தார். நெற்றியை, மூக்கை, கொட்டாவி விட்ட அந்தச் சின்ன வாயை. 

"குரங்கு" என்றார். தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.