முப்பத்திரண்டு பேரும் ஆஜர்

"இயற்பியல் என்ன சொல்றீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டதும், முப்பத்தோரு தலைகளும் பின்வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்த இயற்பியல் பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு பாடத்தை எப்படி வடிவமைப்பது என்று கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் ஐந்து நாள் கோடைப் பட்டறையில் அது முதல் நாள்.

"மொதல்ல ஆளைப் பார்க்கணும்ங்க. யாரு போட்டுக்கப்போறா, எங்கே போட்டுக்கிட்டுப் போகப்போறான்னு கேக்காம துணியில கத்திரி வைக்கக் கூடாது" என்றார்.

'முடிவிலிருந்து தொடங்குக' என்று திரையில் இருந்த வரியைப் பயிற்சியாளர் ஒரு முறை பார்த்தார், அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு எல்லோரும் குனிந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அவருக்கும் இயற்பியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் தையல்காரர். இயற்பியல் நடத்துவது அவருடைய அக்காள் கணவர்.

மாமா குடும்பத்தோடு மலைப்பக்கம் போக மூன்று மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டறை வந்து தலையில் விழுந்தது. வராதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று சுற்றறிக்கை வேறு. அக்கா தம்பியின் கடைக்கே வந்து கண்ணைக் கசக்கினாள். ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற கல்லூரி, மாமாவைத் தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வா என்று கெஞ்சினாள். ஒருவனுக்காக இன்னொருவன் 'உள்ளேன் ஐயா' சொன்னதற்கு நான்கு பையன்களைப் போன மாதம்தான் ஒரு வாரம் வகுப்பை விட்டே விரட்டியிருந்தார் இந்த மாமா.

வாயைத் திறக்காமல் இருக்கத்தான் விடவில்லை. எதற்கெடுத்தாலும் பயிற்சியாளர் "இயற்பியல் சொல்லட்டும்" என்பார். தேர்வு எப்படி வைப்பது என்று இரண்டாம் நாள் பேச்சு வந்தது. ட்ரையல் பார்க்காமல் டெலிவரி கொடுக்கக் கூடாது, தப்பு தெரிந்தால் பாதியிலேயே பிரித்துத் தைக்க வேண்டும், கடைசி நாளில் ஆளைத் திட்டிப் புண்ணியமில்லை என்று வாயில் வந்ததைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குச் சட்டை நனைந்தது.

ஆனாலும் அந்தப் பேராசிரியர்களை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் மாமா, மணி என்ன என்று கேட்டால்கூட எதிர்வாதம் செய்வார். இங்கே முப்பத்திரண்டு பேர் ஒரே அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. படித்தவர்களின் பண்பே தனி என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலையில் குண்டு விழுந்தது. சிறந்த பாடத்திட்டம் இயற்பியலுடையதுதான் என்றும், மாலை மூன்று மணிக்கு அவர் அதை மேடையில் விளக்குவார் என்றும் பயிற்சியாளர் அறிவித்தார். பரிசு கொடுக்க வரப்போகிறவர் மாமாவின் கல்லூரி முதல்வர். பதினேழு வருடமாக மாமாவின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்.

மாமாவின் பதவி உயர்வு என்ன, வேலையே போய்விடும். அதற்குப் பிறகு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? சாப்பாட்டு வேளையில், அத்தனை பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, தையல்காரர் நேராகப் பயிற்சியாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், மன்னிச்சிடுங்க. நான் புரொஃபசரே இல்லை, லேடீஸ் டெய்லர். எங்க மாமாவுக்குப் பதிலா வந்தேன். பரிசும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னை விட்டுடுங்க, எங்க அக்கா குடும்பம் தெருவுக்கு வந்துடும்."

பயிற்சியாளர் மெல்ல எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போலீசுக்குத்தான் சொல்லப்போகிறார் என்று தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்த பயிற்சியாளர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதை மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதாங்க? நீங்க ஒருத்தர்தான் நிஜ புரொஃபசர்னு நாங்க அத்தனை பேரும் அஞ்சு நாளா செத்துப் பிழைச்சோம்."

பயிற்சியாளரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவராம், சகலைக்குப் பதிலாக வந்தவராம். வேதியியல், பிளம்பர். வரலாறாக வந்திருந்த அம்மாள் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுப்பவள், நாத்தனாருக்காக வந்தவள். ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்ததில் அறை சந்தைக்கடை ஆகிவிட்டது.

தையல்காரருக்கு உயிர் வந்தது, வந்த வேகத்தில் பாதி திரும்பப் போனது. "அது சரிங்க. மூணு மணிக்கு முதல்வர் வருவாரே?"

பொருளாதாரத்துக்கு வந்திருந்த பேக்கரிக்காரர் கூச்சத்தோடு எழுந்தார். தான் அந்த முதல்வரின் கூடப்பிறந்த தம்பி என்றும், அண்ணன் நேற்றே வெளியூர் கிளம்பிவிட்டதால் மூன்று மணிக்கு முதல்வராக வரவேண்டியதும் தானே என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணனோடது, எனக்கு வயித்துல இறுக்குது. மூணு மணிக்குள்ள பிரிச்சு விட்டுடுவீங்களா, புரொஃபசர்?"