உளி பிடித்த கை

“பழைய சுவர்ல பேரைக் கிறுக்குறவன் கையை ஒடிச்சாதான் நாகரிகம் பிழைக்கும்” என்று மலை ஏறும்போதே அக்காவின் கணவர் அறிவித்தார். வரலாற்று ஆசிரியர், சும்மா சொல்ல மாட்டார்.

உச்சியில், இரண்டாயிரம் வருடத்துப் பழைய நகரத்தின் இடிந்த சுவர் முன்னால் ஒருவன் உளியோடு குந்தியிருந்தான். கல்லில் பாதிப் பெயர் தெரிந்தது.

“ஏன்டா, இது உங்கப்பன் வீட்டுச் சுவரா?” மாமா பாய்ந்தார். முதல் அறையில் தொப்பி பறந்தது. அடுத்த குத்தில் மூக்கு உடைந்தது.

“சார், நான்...”

“பேசாதே!” கையை முறுக்கினார். மளுக்கென்று சத்தம் கேட்டது.

“மாமா, செத்துடப் போறான்!”

“சாகட்டும் மாப்ள! ஒரு நகரமே செத்துக் கிடக்கு!”

காவலாளிகள் நாலு பேர் சேர்ந்து அவரைப் பிய்த்தெடுத்தார்கள். அடிபட்டவர் தொல்லியல் துறை ஊழியராம். வருகிறவர்கள் கிறுக்கிவிட்டுப் போகும் பெயர்களைச் சுரண்டி அழிப்பதுதான் அவர் வேலை. பாதி அழித்திருந்தார்.

மாலையில் லாக்கப் கம்பிக்கு உள்ளேயிருந்து மாமா கேட்டார்: “ஜாமீன் எப்ப மாப்ள?”

“நாளைக்குத்தான் மாமா. கையை ஒடிச்சிருக்கீங்களே.”

“சரி, உன் வண்டிச் சாவியைக் குடு.”

“எதுக்கு?”

கம்பி வழியே கையை நீட்டினார். கொடுத்தேன். உள்ளே சுவர் முழுக்க, முன்னால் இருந்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள். மாமா ஒரு காலி இடம் தேடிப் பிடித்து, எம்.ஏ. பட்டத்தோடு சேர்த்துத் தன் பெயரைச் செதுக்க ஆரம்பித்தார்.