மாலை ஐந்து மணி வெளிச்சம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவின் ஜூன் மாத மாலை வெயிலில், ஒற்றை மடக்கு நாற்காலியில் நாடீன் அமர்ந்திருக்கிறாள். மகள் டெஸ்ஸின் கல்யாணத்தன்று அம்மா உட்காரப்போகும் இடம் அது. சுற்றிலும் மேப்பிள் மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. "கல்யாணத்தை அக்டோபர்ல வெச்சுக்கலாம். மரமெல்லாம் செக்கச்செவேல்னு மாறிடும், படம் அள்ளும்," என்கிறான் புகைப்படக்காரன் கில். "நாலு மாசம்தானேம்மா?" காட்டுப்பூக்கொத்தை மணப்பெண்போல் பிடித்துப் பார்த்தபடி டெஸ் சிரிக்கிறாள். தன் உயிர் ஆகஸ்டைத் தாண்டாது என்று காலையில் டாக்டர் சொன்னதை நாடீன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அக்டோபரே இருக்கட்டும்டி." வெளிச்சம் பார்க்க கில் நாடீனை ஒரு படம் எடுக்கிறான். "சும்மா சோதனைக்குத்தான், அழிச்சிடுவேன்." நாடீன் முடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறாள். "தம்பி, இவளையும் என் பக்கத்துல நிக்க வெச்சு ஒண்ணு எடு. அதை அழிச்சிடாதே."