முழுசாகத் தூங்காதது

மூன்று மணிக்குப் பெர்மெத்துக்குக் கணினி வழியே நேர்காணல். தேறினால் வெளிநாட்டில் இலவசப் படிப்பு. இரண்டே முக்காலுக்கு இணையம் நின்றுபோனது. நாரின் நகரின் மறுகோடியில் இருந்த சித்தி மகன் உர்மாத்தைப் பழைய பட்டன் போனில் அழைத்தாள்.

வாய் நிறையப் போர்சோக் ரொட்டியோடு அவன் பேசினான்: “அக்கா, உன் கம்ப்யூட்டர்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வெச்சிருக்கல்ல? நீ இப்ப லினக்ஸ்ல இருக்க, ஆனா விண்டோஸ் இன்னும் முழுசா தூங்கல. அதுதான் லைனைப் பிடிச்சிட்டிருக்கு. பவரைப் பிடுங்கு.”

“மென்னு முழுங்கிட்டுப் பேசுடா,” என்றபடி பிடுங்கினாள். கணினி அணைந்தது. இணைய ரவுட்டரில் அவளுடைய கேபிள் செருகியிருந்த துளையின் பச்சை விளக்கு மட்டும் துடித்தது. கேபிளையும் உருவினாள். வெறும் துளைக்கு மேல் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

“பிடுங்கியும் எரியுதுடா!”

“பக்கத்துத் துளையைப் பாத்திருப்ப. கண்ணாடியைப் போடு, கிழவி.”

போனை வைத்துவிட்டு, அழுகை முட்டச் செருகினாள், உருவினாள், மறுபடி செருகினாள். மூன்றரைக்கு, கேபிள் முனை கையில் இருக்கும்போதே, விளக்கு தானாக அணைந்தது. உடனே போன் அடித்தது. நேர்காணல் நடத்தும் அம்மாள்.

“நேரத்துக்கு வந்து அழகாப் பேசினீங்க, பெர்மெத். நீங்க வேண்டாம்னு சொன்ன இடத்தை அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம். ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்குப் பின்னாடி, கையில கேபிளோட அழுதுட்டிருந்தாங்களே, அவங்க உங்க தங்கையா?”