முத்துலிங்கத்தின் முதுகுச் சீட்டு

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், கம்பளிக்குள் அத்தனை தலையும் குனிந்திருக்க, ஒரு தலை மட்டும் நட்ட கல் மாதிரி நிமிர்ந்து நின்றது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நாகலிங்கத்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

உடப்புசல்லாவையிலிருந்து இந்த அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் மாற்றலாகி வந்து மூன்றே நாள். ஆறு மாதம் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்று துரை வேறு சொல்லியிருந்தார். இன்றைக்கு ஒருத்தன் சலாம் போடாமல் நின்றால், நாளைக்கு இன்னொருத்தன் தோளில் கை போடுவான்.

"யாருடா அது? இடுப்புல மம்பட்டிப் பிடியவா சொருகி வச்சிருக்கே? குனிஞ்சு சலாம் போடு!"

"முத்துலிங்கம்ங்க ஐயா. சலாம மனசுக்குள்ளயே போட்டுட்டேங்க. குனிஞ்சா மூளத்தண்ணி கசிஞ்சிரும்ங்க."

"மூளை இருக்கிறவனுக்குத்தானேடா கசியும்!"

பின்வரிசையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துலிங்கம் அலட்டிக்கொள்ளாமல் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

மடிப்புக்கு மடிப்பு கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டிய சீட்டு. தேதி இருக்க வேண்டிய மூலையைக் கரப்பான் தின்றிருந்தது. ஆனால் கொழும்பு ஆஸ்பத்திரி முத்திரை அசல். இங்கிலீஷும் அசல் இங்கிலீஷ்.

நாகலிங்கம் முணுமுணுவென்று படித்தார். முதுகெலும்பைத் திறந்து ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர் தையல் வழியே கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது...

"அடுத்தது இருமக் கூடாதுங்க," என்றான் முத்துலிங்கம், வானத்தைப் பார்த்தபடி. "அதுக்குக் கீழ, வெளிக்குப் போறப்ப முக்கக் கூடாதுங்க. அதுக்குத்தான் வெளக்கெண்ணெ எழுதியிருக்கும்."

அப்படியேதான் எழுதியிருந்தது. கடைசி வரியை ஐயா இரண்டு தரம் படித்தார்: கசிந்தால் மூளைக்காய்ச்சல் வரலாம், உயிருக்கே ஆபத்து.

அவசரமாகப் பின்னால் போய் அவன் முதுகில் கை வைத்தார். சட்டை சொதசொதவென்றிருந்தது.

"ஐயோ, கசியுதேடா!"

"அது மழைங்க ஐயா. விடியக்காலையில இருந்து பேயுது."

"மழைதான்னு நீ எப்படிடா சொல்லுவே? நீ என்ன டாக்டரா?"

நாகலிங்கத்தின் கண்முன்னே ஒரு பிணம், ஒரு விசாரணை, சங்கத்துக்காரர்களின் கொடி, துரையின் பேனா எல்லாம் வரிசையாக வந்து போயின. தன் தலைக்கு மேலிருந்த குடையை முத்துலிங்கத்தின் தலைக்கு மேல் பிடித்தார்.

"மலை வேலைக்குப் போக வேணாம். முழு நாள் சம்பளத்துக்குப் பேரும் போட்டுர்றேன். லயத்துல போய் மல்லாந்து படு."

தோட்டம் தோன்றிய நாள் முதல் அப்படியொரு காட்சியை அந்தக் களம் கண்டதில்லை என்பதுபோல எல்லாரும் வாய் பிளந்து நின்றார்கள். கூலிக்காரன் குடைக்குள்ளே நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். ஐயா வெளியே நனைந்துகொண்டு நடந்தார்.

"பள்ளம்ங்க, பாத்து வாங்க."

"பேசாம வாப்பா. வாயத் தொறந்தா இருமல் வந்துரும்," என்ற ஐயாவே இருமினார்.

லயத்து வீட்டு வாசலில் முத்துலிங்கத்தின் பெண்சாதி பேச்சியம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நாகலிங்கம் குடையை அவன் கையில் திணித்தார். "நாளைக்கும் பேயும், நீயே வச்சுக்க."

சொட்டச் சொட்ட நாலடி இறங்கியிருப்பார். பின்னால் பேச்சியம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"இந்த ஐயாவுமா? முன்ன இருந்த மூணு ஐயாமாரு குடுத்த குடையே மூலையில கெடக்கு!"