மூன்றாவது எதிரொலி

வேனின் கடைசி இருக்கையில், மடியில் ஒரு கூடையோடு, சீட்டு வாங்கிய பயணியைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் தன் அம்மா என்பதை, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் வழிகாட்டி கவனித்தான்.

மைக் வாயைவிட்டு நழுவியது. டிரைவர் மட்டும் அதிசயமாகத் திரும்பிப் பார்த்தான். வழிகாட்டியின் வாயும் மைக்கும் பிரிந்து யாரும் பார்த்ததில்லை.

அதுவரை அவன் அளந்துகொண்டிருந்தது வழக்கமான அளப்புதான். இடதுபக்கப் பள்ளம் போன வருடம் எண்ணூறு அடி, இந்த வருடம் ஆயிரத்து இருநூறு. அருவியில் குளித்தால் வழுக்கைத் தலையில் முடி முளைக்கும். ஏற்கெனவே முடி இருப்பவர்கள் பார்த்துக் குளிக்க வேண்டும், அப்புறம் சீப்பு நுழையாது.

கடைசி நிறுத்தம்தான் அவனுடைய சொத்து. எதிரொலி முனை.

பள்ளத்தோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் பெயரைக் கூப்பிட்டாலும் மலை அதை மூன்று தரம் திருப்பிச் சொல்லும். மூன்றும் காதில் விழுந்துவிட்டால், அந்த ஆள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வீடு வந்து சேர்வார். இந்தக் கதைக்கு வயது ஆயிரம் என்று அவன் சொல்வான்.

உண்மையில் கதையின் வயது இருபத்திரண்டு. டீ ஆறுவதற்குள் அவனே கட்டிய கதை.

மலை கொடுத்தது இரண்டுதான். மூன்றாவது, தம்பி.

பாறைக்குப் பின்னால், முள்புதருக்கு நடுவே, கவிழ்த்த வாளியின் மேல் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து கத்தினான் தம்பி. குழந்தை கூப்பிட்டால் குழந்தைக் குரல். கிழவர் கூப்பிட்டால் இருமலோடு கிழவர் குரல். ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் தன் பெயரையே கூப்பிட்டுப் பார்த்தார். மூன்றாவது எதிரொலி 'வாழ்க'வும் சேர்த்துச் சொன்னது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேனில் ஏறினார்.

தொழில் ரகசியம் பெற்றவளுக்கும் ரகசியம்தான். சின்னவன் அங்கே டிக்கெட் கிழிக்கிறான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவனுக்குத் தினமும் தொண்டை ஏன் கட்டுகிறது என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும்போது, உப்புப் போட்ட வெந்நீர் தயாராக இருக்கும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் தம்பி மைக்கைக் கேட்டான். ஒரே ஒரு நாள். முன்னால் நின்று, ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசிப் பார்க்க வேண்டுமாம்.

"உன் குரலுக்கெல்லாம் மூஞ்சி எதுக்குடா?" என்றான் அண்ணன். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தம்பியும் கொஞ்சம் சிரித்தான்.

மறுநாள் வாளி மட்டும் இருந்தது.

அண்ணன் அம்மாவுக்கு ஒரு பொய் சொன்னான்: சீசன் நேரம், சின்னவன் மலையிலேயே ஷெட்டில் தங்கிக்கொண்டான். பயணிகளுக்கு இன்னொன்று: மூன்றாவது எதிரொலி மனசு சுத்தமானவர்கள் காதில் மட்டும்தான் விழும். அன்றிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் மூன்று கேட்டது. சிலருக்கு நான்கு.

எதிரொலி முனையில் வேன் நின்றது. அம்மா எல்லாருக்கும் கடைசியாக இறங்கினாள். டிக்கெட் மேசையில் விரலை வைத்து இழுத்தாள். தூசியில் கோடு விழுந்தது.

"சின்னவன் எங்கடா?"

"சாமான் வாங்கக் கீழ போயிருக்கான்மா. இப்ப வந்துடுவான்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே கம்பியிடம் போனாள்.

"சின்னவனே..."

சின்னவனே, என்றது மலை. சின்னவனே, என்றது இன்னொரு தரம்.

"மூணு, மூணு" என்று கைதட்டினார் சுத்தமான மனசுக்காரர் ஒருவர்.

"ரெண்டுதான்" என்றாள் அம்மா.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் இரண்டு. காதோரம் கையைக் குவித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்க்காமல் பக்கத்துப் பாறையையே பார்த்து நின்றாள். கைதட்டியவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை ஏய்த்தவன் அவன். இந்த ஒருத்தியை இந்த ஒரு நாள் ஏய்த்துவிட்டால் போதும்.

"டயரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வேனைச் சுற்றி, பாறைக்குப் பின்னால் ஓடினான். முள் சட்டையைக் கிழித்தது. வாளியின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரியவில்லை, அருவி தெரியவில்லை. ஒரு கல்லும் நாலு முள்செடியும்தான்.

"சின்னவனே..."

மலை சொன்னது. மலை மறுபடி சொன்னது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, குரலை இறுக்கி மெலிதாக்கி, அடித்தொண்டையிலிருந்து கத்தினான். "சின்னவனே..."

இந்த ஐந்து மாதத்தில் அவன் தம்பியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பாறைக்கு அந்தப்பக்கம் ஒரே கைதட்டல்.

அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, அம்மா வேனில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வேன் இறங்கத் தொடங்கியது. மைக்கைப் பிடித்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று இருக்கைகளைப் பிடித்தபடியே பின்னால் போனான்.

அம்மா கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினாள். ஆவி பறந்தது.

"கொப்புளிச்சு வெளிய துப்பு. சின்னவனுக்குன்னு கொண்டுவந்தேன். உனக்குப் பழக்கமில்ல."

வாங்கி வாயில் வைத்தான். உப்பு சரியாக இருந்தது.