பொணத்துக்கு மட்டும் வழி

குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரத்துக்கு முன்னால் மாட்டு வண்டி நின்றது. பச்சையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைக் கூட்டினாள். அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தான் புருஷன் ராஜாங்கம். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, கழுத்தில் சாமந்தி மாலை.

இட ஒதுக்கீட்டு மறியல் வாரம் அது. கள்ளக்குறிச்சி ரோட்டில் ஈ, எறும்பு நகர முடியாது. காய்ச்சல்காரன் என்று புளுகி முந்தாநாள் எவனோ தாண்டிப் போய்விட்டானாம். அதிலிருந்து நோயாளி வண்டியைக்கூட நம்புவதில்லை, பொணத்துக்குத்தான் வழி.

மறியல் கூட்டத்திலிருந்து ஓடிவந்தான் சுப்புராயன், ராஜாங்கத்தின் குடிக் கூட்டாளி. வண்டியோட்டிய பச்சையம்மாள் தம்பி விஷயத்தைச் சொன்னான். மலைச் சாராயத்தைப் பந்தயம் கட்டி ஒரே மூச்சில் குடித்தாராம், விழுந்தவர் எழவே இல்லையாம், சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம். கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்தால் துரைக்குப் போதை ஏறாது. பாவி மனுஷன், சொன்னால் கேட்டால்தானே.

நெற்றிக் காசு நழுவி நழுவி விழுந்தது. தலையை நேராக வைக்கச் சொன்னார் ஒரு பெரியவர். பச்சையம்மாள் வைத்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டாள்.

சுப்புராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து பாட்டிலை உருவினான். வாய்க்கரிசிக்கு முன்னால் தன் கையால் ஒரு வாய் ஊற்றணுமாம்.

பச்சையம்மாள் புருஷன் வாயைப் பொத்தினாள். "வேணாண்ணா. இந்தக் கருமந்தான் இவரைச் சாச்சுது."

"இத்தினி வருசம் ஒண்ணா குடிச்சோம். கடைசி வாய் குடுக்கலன்னா என் கட்ட வேவாதும்மா."

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? கை தானாக விலகியது. அவன் துணிக்கட்டைத் தளர்த்தி, தலையை நிமிர்த்தி ஊற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு எல்லோருமாகச் சக்கரத்தைப் பிடித்து, வண்டியைக் கரும்புக் கொல்லைக்குள் இறக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிட்டார்கள். சுப்புராயன் கொஞ்ச தூரம் அழுதுகொண்டே கூட வந்தான்.

அவன் தலை மறைந்ததும் பச்சையம்மாள் மாலையைப் பிய்த்தெறிந்தாள். ராஜாங்கத்தைப் புரட்டி, விரலை அவன் வாய்க்குள் விட்டாள்.

"முழுங்கிடாதய்யா, துப்பிடு. தோ, ஆஸ்பத்திரி வந்துடுச்சு."